பதுமை கற்பித்த பணிவிடை

மரப்பாச்சிக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகப் பாவித்து, அதன் நெற்றியில் ஈரத்துணியிட்டு, சங்கில் பால் புகட்டும் சிறுமியைக் காணாத தமிழ் இல்லம் ஒரு காலத்தில் அரிது. அவ்விளையாட்டிற்கும், இன்று உலகெங்கும் செவிலியர் கல்லூரிகளில் நடைபெறும் ஒரு பயிற்சிக்கும் இடையே நேரான உறவு உண்டு என்று கூறினால் நேயர்கள் வியப்படையலாம். குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்ற ஓர் அம்மையாரின் பட்டறையிலிருந்தே செவிலியர் பயிலும் புகழ்பெற்ற முதற்பதுமை வெளிவந்தது. அவ்வரலாற்றையும், அது எவ்வாறு முதியோரின் படுக்கையருகே வந்து சேர்ந்தது என்பதையும் இங்குச் சிறிது கூற விரும்புகிறோம்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு, சில ஆண்டுகளுக்கு முன் செவிலியர் கல்வி பற்றிய சில பக்கங்கள் மொழிபெயர்ப்பிற்கு வந்தன. ‘சிமுலேஷன்’ என்ற சொல் அவற்றில் வரிக்கு வரி வந்தது. அகராதிகளைப் புரட்டினோம். ‘போலச் செய்தல்’ என்றது ஒன்று. ‘ஒப்புருவாக்கம்’ என்றது மற்றொன்று. முதலாவது நாடகக் கொட்டகையை நினைவூட்டியது. இரண்டாவது எவருக்கும் எதையும் நினைவூட்டவில்லை. இறுதியில் மரப்பாச்சியே கை கொடுத்தது. ‘பாவனைப் பயிற்சி’ என்று எழுதினோம். மேலதிகாரி இருமுறை சுழித்தார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

பாவனையால் வைத்தியம் பயில்வது நம் நாட்டிற்குப் புதியதன்று. சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. எல்லா நூல்களையும் ஓதி முடித்த மாணவனாயினும் கைப்பழக்கம் இன்றி நோயாளியைத் தொடத் தகுதியற்றவன் என்று அது விதிக்கிறது. பூசணி, சுரை போன்ற காய்களைக் கீறி அறுவை பழக வேண்டும். மயிரோடு கூடிய தோலைச் சுரண்டிப் பழக வேண்டும். தாமரைத் தண்டில் நரம்பு குத்தப் பழக வேண்டும். கனத்த துணியிலும் மெல்லிய தோலிலும் தையல் பழக வேண்டும். கட்டுக் கட்டும் முறையைப் பழகுவதற்கோ, துணியால் அடைத்துச் செய்த மனித உருவத்தின் அங்கங்களை அது பரிந்துரைக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் என்பர் சிலர். அதற்குச் சற்றுப் பின் என்பர் சிலர். காலத்தைப் பற்றிய சண்டை அறிஞர்களுடையது. மனிதனைத் தொடுமுன் துணி மனிதனைத் தொடு என்ற எண்ணம் இந்நாட்டில் பழையது என்பதே நமக்கு வேண்டுவது.

நிற்க. மேனாட்டில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிரான்சு தேசத்தில், மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் பிரசவ உறுப்புகளைச் செய்து, 1759-ஆம் ஆண்டில் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பெண்களுக்கு மகப்பேறு பார்க்கக் கற்பித்தார். அப்பதுமையுள் ஒன்று ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் நம் கதையின் தலைவி அவரல்லர்.

லண்டன் புனித தாமஸ் ஆஸ்பத்திரியில் 1860-ஆம் ஆண்டு நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் பள்ளி தொடங்கிய பின்னரே செவிலியர் தொழில் முறையான படிப்பாயிற்று. அம்மரபில் வந்த பிளாரன்ஸ் லீஸ் என்பவர், 1874-இல் வெளியிட்ட கைந்நூலில், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பயிற்சிப் பதுமையும், கட்டுக் கட்டிப் பழகக் கை கால் மாதிரிகளும், மூட்டுகள் அசையும் எலும்புக்கூடும் இருத்தல் வேண்டும் என எழுதினார். இருத்தல் வேண்டும் என்று எழுதுவது எளிது, வாங்குவது கடினம். பள்ளிகள் வைக்கோல் அடைத்த உருவங்களைக் கொண்டு காலம் தள்ளின.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பாட்டக்கெட் என்ற ஊரில் மார்த்தா ஜெங்கின்ஸ் சேஸ் என்ற அம்மையார் வாழ்ந்தார். தந்தையும் வைத்தியர், கணவரும் வைத்தியர். பீங்கான் பொம்மைகள் கீழே விழுந்தால் உடையும், குழந்தை அணைத்துக்கொண்டால் உறுத்தும் என்று கண்ட அவர், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்னல் துணியில் பஞ்சடைத்து, முகத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டிக் கழுவத்தக்க பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவை விலையாயின. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரியின் செவிலியர் பள்ளித் தலைவி லாடர் சதர்லண்டு என்பவர், இவ்வம்மையாரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஆள் உயரத்தில் ஒரு பொம்மை செய்து தர முடியுமா? 1911-ஆம் ஆண்டில் அது வந்து சேர்ந்தது. உயரம் 5 அடி 4 அங்குலம். இடுப்பும் முழங்காலும் முழங்கையும் மடங்கும். நனைந்தாலும் கெடாது. அதற்குச் ‘சேஸ் அம்மாள்’ என்ற பெயர் நிலைத்தது. சில ஆண்டுகளுக்குள் கையில் ஊசி குத்தும் இடமும், எனிமா முதலியன பழகுவதற்கு உள்ளே ஒரு நீர்ப்பையும் சேர்ந்தன. பின்னர்க் குழந்தைப் பதுமைகளும், போர்க்காலத்து ஆண் பதுமையும் தோன்றின. தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் இப்பதுமையைக் குளிப்பாட்டினர், புரட்டினர், படுத்திருக்கையிலேயே விரிப்பு மாற்றினர்.

இதில் உள்ள நியாயத்தை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். சேஸ் அம்மாள் வருவதற்கு முன் மாணவி தன் முதல் ஊசியை எவர் உடலில் குத்தினாள்? தர்ம வார்டில் படுத்திருந்த ஏழையின் உடலில். பணமுள்ளவர் வீட்டில் வைத்தியம் பெற்றுக்கொண்டனர். கற்றுக்குட்டியின் தடுமாற்றம் முழுதும் இலவசப் படுக்கையின் மேல் விழுந்தது. பொம்மை வந்தபோது குறைந்தது மாணவியின் அச்சம் மட்டுமன்று. அந்த ஏழையின் நோவும் குறைந்தது. இதைப் பெரிய வரலாற்று நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆனால் சேஸ் அம்மாளுக்கு வயதில்லை. அவர் தோல் சுருங்கவில்லை, காது மந்தமாகவில்லை, இரவில் எழுந்து தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்கவில்லை. முதுமை என்பது அக்கால வைத்தியத்தின் கண்ணிலேயே படவில்லை எனலாம். ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லையே 1909-இல்தான் நியூயார்க்கு வைத்தியர் இக்னாட்ஸ் நாஷர் வழங்கினார். 1935-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில், ஏழை விடுதியிலிருந்து வந்து சேர்ந்த 714 நோயாளிகளின் பொறுப்பை ஏற்ற டாக்டர் மார்ஜரி வாரன், ‘தீராதவர்’ என்று எழுதிப் படுக்கையில் விடப்பட்ட முதியோருள் பலரை எழுப்பி நடக்கச் செய்து, வீட்டிற்கே அனுப்பினார். படுக்க வைத்ததே பலருக்குப் பாதி நோய் என்பது அவர் கண்ட உண்மை.

அதே நகரில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர், மற்றொரு செவிலியரும் ஒரு வைத்தியரும் துணையாக, முதியோர் வார்டுகளில் நடப்பவற்றை அளந்து ஆராய்ந்து 1962-இல் நூலாக வெளியிட்டார். படுக்கைப் புண்ணுக்கு எண்ணெயும் களிம்பும் தேய்ப்பது அக்காலப் பழக்கம். தேய்ப்பதைவிட, குறித்த நேரத்திற்கொரு முறை நோயாளியைப் புரட்டி அழுத்தத்தை நீக்குவதே பயன் தரும் என்று அவ்வாராய்ச்சி காட்டிற்று. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்திற்கும் நான்கிலிருந்து ஒன்று வரை மதிப்பெண் இட்டு, 20-க்கு 14-ம் அதற்குக் குறைவும் பெற்றவர் ஆபத்தில் உள்ளவர் என்று அறியும் அளவையையும் அவர் வகுத்தார். செவிலியரின் பணி அன்பு மட்டுமன்று, கணக்கும் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நாம் அறியோம்.

இவ்விடத்தில் எம் வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்கழி மாதம். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வடநாட்டிற்கு எம்முடன் தங்க வந்திருந்த எம் அன்னையார், குளிர் தாளாமல் நெஞ்சில் சளி கட்டி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். வயது 71. பெண்கள் வார்டில் ஆண்கள் இரவு தங்கலாகாது. மனைவியோ கைக்குழந்தையுடன் வீட்டில். இரவுக் காவலுக்கு வேறு மாநிலத்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி இருந்தாள். நள்ளிரவுக்குப் பின் அன்னையார் எழ முயன்று, “அம்மாடி, கொல்லைக்குப் போகணும்” என்றார். பிறமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இச்சொல்லின் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அப்பெண்ணுக்கு அது விளங்கவில்லை. கிழவி எழுந்தால் விழுவாள் என்ற நல்லெண்ணத்தோடு, அவரை மெல்லப் படுக்கவைத்து, கட்டிலின் இருபுறத் தடுப்புக் கம்பிகளையும் உயர்த்தி, கழுத்து வரை போர்த்திவிட்டு நகர்ந்தாள்.

அரைமணி நேரம் பொறுத்த அன்னையார் கம்பியின் மேல் ஏறி இறங்கப் பார்த்தார். கட்டிலிலிருந்து விழுவதைவிடக் கம்பியின் உச்சியிலிருந்து விழுவது உயரம் அதிகம். வலது மணிக்கட்டு முறிந்தது.

காலையில் நாம் சென்றபோது அம்மாணவி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நாம் அவளிடம் சொன்ன சொற்களை இங்கு எழுத நாணுகிறோம். “திட்டாதேடா, அவ என்ன பண்ணுவா? குளிரும்னு போத்திவிட்டாளே” என்றார் அன்னையார். பின்னர் அவர் இடக்கையால் கோலமிடப் பழகிக்கொண்டார். மனம் தெளிவில்லாத, அல்லது அவசரத்தில் இருக்கும் முதியவருக்குக் கம்பியை உயர்த்துவது பல வேளைகளில் விழுவதைத் தடுக்காது, விழுகையின் உயரத்தையே கூட்டும் என்பதும், நள்ளிரவில் எழும் முதியவரிடம் முதலில் எண்ண வேண்டுவது மலசலத் தேவை என்பதும் முதியோர் பராமரிப்பு நூல்களில் எழுதியிருப்பவை. அப்பெண்ணும் படித்திருப்பாள். படித்ததைச் செய்து பார்க்க அவளுக்கு எம் அன்னையாருக்கு முன்னால் எவரும் கிடைக்கவில்லை, அவ்வளவே.

வரலாற்றிற்குத் திரும்புவோம். 1960-இல் நார்வே தேசத்தின் ஸ்டவாங்கர் நகரத்து ஆஸ்முண்டு லேர்டால் என்பவர், மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூதும் முறையைப் பழக ஒரு பதுமையை உருவாக்கினார். இவரும் விளையாட்டுப் பொம்மை செய்து விற்றவரே! 1963-இல் கலிபோர்னியாவில் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பு வைத்தியர், நோயில்லாத ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர் முன் நிறுத்தினார். சக வைத்தியருள் பலர் நகைத்தனர். வைத்தியக் கல்லூரிக்குள் கூத்தாடிகளா என்று கேட்டவரும் உண்டு. ஆயினும் பேச்சும் முகக்குறியும் இல்லாத பதுமையிடம் கற்க முடியாததை இம்முறையில் கற்கலாயிற்று. நோயாளியின் அச்சம், அவர் மறைக்கும் செய்தி, பாதி சொல்லி நிறுத்தும் வாக்கியம் இவையெல்லாம் பாடமாயின.

முதுமையை மாணவரின் உடலிலேயே ஏற்றிப் பார்க்கும் எண்ணம் இதன் பின் பிறந்தது. 1970-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து லியான் பஸ்டாலன், முதியோர் பார்வையைப் போன்று மங்கிய கண்ணாடிகளை அணியச் செய்து மாணவர்களை நடமாடவிட்டார். பட்ரீஷியா மூர் என்ற இளம் பொருள் வடிவமைப்பாளரோ வேடமே பூண்டார். முடக்குவாதம் உள்ள கை திறக்கத்தக்க குளிர்பெட்டிக் கதவு செய்யலாகாதா என்று அலுவலகத்தில் கேட்டு, அத்தகையோருக்காக நாம் செய்வதில்லை என்ற பொருள்படும் விடை பெற்றவர் அவர். 1979 முதல் 1982 வரை, கண்ணை மங்கவைத்து, காதை அடைத்து, கால்களை விறைப்பாகக் கட்டி, எண்பதைக் கடந்த மூதாட்டியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் 116 நகரங்களில் நடமாடினார். ஒருமுறை போக்கிரி இளைஞரிடம் அடிபட்டு உடல் ஊனமும் அடைந்தார். பின்னர் பிரிட்டனில் மோட்டார் கார் வடிவமைப்போருக்கும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சியாளருக்கும் ‘முதுமை உடை’கள் தைக்கப்பட்டன. மூட்டுகளில் பட்டை, கணுக்காலில் எடை, மஞ்சளோடிய கண்ணாடி, விரலுணர்ச்சியைக் குறைக்கும் கையுறை ஆகியவை அவ்வுடையின் உறுப்புகள். உடை வாங்க இயலாத பள்ளிகளில் காதில் பஞ்சும், கண்ணாடியில் வாசலைனும், செருப்பினுள் சோளமணியுமே போதுமாயின.

இவ்வுடைகளிடம் நமக்கு முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இருபது வயதுப் பெண் ஒரே நொடியில் எண்பது வயதை அடைந்தால் அவள் உணர்வது திகில்தான். உண்மைக் கிழவியோ நாற்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தன் மூட்டோடும் கண்ணோடும் சமாதானம் செய்துகொண்டவள்; சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆயிரம் உபாயம் அறிந்தவள். திகிலிலிருந்து இரக்கம் பிறக்கலாம். அவ்விரக்கமே, “பாட்டி, நீங்கள் அசையவே வேண்டாம்” என்று கம்பியை உயர்த்தவும் கூடும்.

இக்குறையை உணர்ந்தே போலும், அமெரிக்கச் செவிலியர் கல்விக் கழகமான நேஷனல் லீக் ஃபார் நர்சிங், முதியோர் பராமரிப்பிற்கெனக் கதைகளை எழுதுவித்தது. அவற்றுள் ஒன்றின் நாயகி மில்லி லார்சன் என்ற 84 வயது விதவை. பாடம் தொடங்குமுன் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறாள். வீடு, பூனை, மகள் எல்லாம் அதில் வருகின்றன. அதன் பின்னரே சிறுநீர்த் தொற்றால் மனங்குழம்பி ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். மாணவர் காண்பது நோயை அன்று. ஒரு வாரத்திற்கு முன் சமைத்து உண்டு தெளிவாய் இருந்த ஒருத்தியை. குழப்பம் வயதின் இயல்பு என்று எழுதி விட்டுவிடாமல், நேற்று எவ்வாறு இருந்தார் என்று கேட்கப் பழகுவதே அப்பாடத்தின் உயிர்.

பொம்மையோடு பழகியவள் மனிதரிடம் தேறுவாளா என்ற ஐயம் இயற்கை. அமெரிக்கச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2011-இல் தொடங்கி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை நேரடியாகச் சோதித்தது. பத்துப் பள்ளிகளின் மாணவரை மூன்று பிரிவாக்கி, வார்டுப் பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவுக்குக் கால் பங்கையும், மற்றொன்றுக்கு அரைப் பங்கையும் பாவனைப் பயிற்சியாக மாற்றினர்; மூன்றாவதற்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. இறுதிவரை நின்றவர் 666 பேர். அறிவிலும் தேர்ச்சியிலும், வேலையில் அமர்ந்த பின் ஆறு மாதம் வரையிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியரும், ஒவ்வொரு பாவனைக்குப் பின்னும் அமர்ந்து நடந்ததைப் பேசிப் பார்க்கும் நேரமும் அங்கிருந்தன. இவையின்றிப் பதுமையை மட்டும் வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் கல்லூரிக்கு அம்முடிவு பொருந்தாது.

நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டு தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அறுபதைக் கடந்தோர் 10 கோடியே 38 லட்சம் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல். அவர்களுள் எத்தனை பேருடைய மக்கள் புனேயிலும் சூரத்திலும் தில்லியிலும் இருக்கின்றனர் என்பதை நேயர்களே அறிவர். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அரசிதழில் வெளியிட்ட புதிய பட்டப்படிப்புத் திட்டம் பாவனைப் பயிற்சிக்கு இடம் தந்தது. குருகிராமத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதற்கென தேசிய மையமும் அமைந்தது.

மொழிபெயர்ப்பின் பொருட்டு, 2022-ஆம் ஆண்டில் வடநாட்டுக் கல்லூரி ஒன்றின் பயிற்சி அறையைப் பார்வையிட நேர்ந்தது. நோயாளியாக நடிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. ஆசிரியை நம்மைப் பார்த்து, தமிழைத் தவிர வேறு மொழி பேசாமல் அரைமணி நேரம் படுத்திருக்க இயலுமா என்று கேட்டார். மங்கிய கண்ணாடியும் காதடைப்பும் கணுக்காலில் எடையும் பூட்டிக் கட்டிலில் கிடத்தினர். என்ன பேச வேண்டும் என்று எவரும் எழுதித் தரவில்லை. “அம்மாடி, கொல்லைக்குப் போகணும்” என்றோம்.

முதல் மாணவி அன்போடு சிரித்து, நம் தோளைத் தட்டி, கம்பியை உயர்த்தினாள். உள்ளிருந்து பார்க்கையில் அது எத்துணை உயரமாய்த் தெரிகிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். பாவனையை நிறுத்தி, வட்டமாக அமர்ந்து பேசினர். ஆசிரியை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஐயா எதற்காக எழ முயன்றிருப்பார் என்று மட்டும் கேட்டார். நீர், வலி, குளிர், பயம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். மீண்டும் கிடந்தோம், மீண்டும் அதே சொல். இம்முறை அவள் கம்பியைத் தொடவில்லை. கட்டிலைத் தாழ்த்தி, நம் கண்மட்டத்திற்கு அமர்ந்து, தண்ணீர்க் குவளையைக் காட்டினாள். தலையசைத்து மறுத்தோம். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிறகு குளியலறைக் கதவைக் காட்டினாள். ஆம் என்றோம். செருப்பை எடுத்து நம் காலில் மாட்டி, சிறிது நேரம் உட்காரவைத்து, தலை சுற்றவில்லை என்று அறிந்த பின்னரே எழுப்பி, கைப்பிடித்து அழைத்துச் சென்றாள்.

பயிற்சி முடிந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் குறிப்பேட்டுடன் வந்து, நாம் கூறிய அச்சொல்லை மீண்டும் ஒருமுறை மெல்லச் சொல்லும்படி கேட்டாள். சொன்னோம். ‘கொல்லை’யின் லகரம் நாவில் அமரும் வரை இருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்து, தேவநாகரி எழுத்தில் அதை எழுதிக்கொண்டாள்.